நாய் கடித்ததைக் குழந்தை ஏன் மறைக்கிறது?

கேள்வி: டாக்டர், நான் ஒரு கிராமத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனைத் தெருவில் திரிந்த நாய்க்குட்டி ஒன்று மூன்று வாரங்களுக்கு முன் கையில் கடித்திருக்கிறது. வீட்டில் அடிப்பார்கள் என்று பயந்து அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவனுடைய நண்பன் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது. அந்தக் குட்டி இப்போது கண்ணில் படவில்லை. "காயம் ஆறிவிட்டதே, இனி எதற்கு ஊசி?" என்கிறார்கள் பெற்றோர். பிள்ளைகளுக்கு ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய் பற்றி ஒழுங்காகச் சொல்லித்தர வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். நோய் முற்றிய ஒருவரின் வீடியோவைப் போட்டுக் காட்டினால்தான் மனதில் பதியும் என்கிறார் சக ஆசிரியர். எனக்கு மனம் ஒப்பவில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எதை, எப்படிச் சொல்வது? "நாயையெல்லாம் கொன்னுட்டா என்ன டீச்சர்?" என்று ஒரு சிறுமி கேட்டாள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள டீச்சருக்கு,

பாடத்தைப் பிறகு பேசுவோம். முதலில் அந்தப் பையன். அவனை இன்னும் மருத்துவமனைக்கு அழைத்துப் போகவில்லை என்றால் இன்றே போகச் சொல்லுங்கள். பெற்றோர் தயங்கினால் நீங்களும் கூடப் போங்கள். மூன்று வாரம் தாமதம்தான், ஆனால் காலம் கடந்துவிடவில்லை. ரேபிஸ் கிருமி உடம்புக்குள் போன உடனே நோயாக வெளிப்படாது. பெரும்பாலும் 2, 3 மாதம் ஆகும். சிலருக்கு ஒரே வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஒரு வருடம் கழித்தும் வரலாம். அறிகுறி தொடங்காத வரை தடுப்பூசி போடலாம், போட்டே ஆக வேண்டும். தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை. பிழைத்தவர்கள் உலகத்திலேயே மிக மிகச் சிலர்தான்.

காயம் ஆறியதற்கும் ஆபத்து நீங்கியதற்கும் சம்பந்தமில்லை என்பதைப் பெற்றோருக்கு விளக்குங்கள். மேலே தோல் மூடிக்கொண்ட பிறகும் உள்ளே கிருமி நரம்பு வழியாக மூளையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கலாம். குட்டி காணாமல் போனது நம் கவலையைக் கூட்டுகிறது. கடித்த நாய் அதன் பிறகு 10 நாள் நலமாக இருந்ததை யாராவது கண்ணால் பார்த்திருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று சொல்லிவிடலாம். கண்ணில் படாத நாய்க்கு ரேபிஸ் இருந்ததாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். குட்டிக்கும் அந்த நோய் வரும். மருத்துவமனையில் கடித்த தேதி, கடித்த இடம், ரத்தம் வந்ததா, முன்பு எப்போதாவது இந்த ஊசி போட்டிருக்கிறதா என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு, அது வேலை செய்யத் தொடங்கும்வரை கிருமியைத் தடுக்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தையும் காயம் இருந்த இடத்தில் போட வேண்டும். அவனுக்கு இதுவரை ஒரு ஊசிகூடப் போடவில்லை என்பதால் அதைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

சரி, இனி பாடத்துக்கு வருகிறேன்.

"வீட்டில் அடிப்பார்கள் என்று பயந்து சொல்லவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எடுக்கப்போகும் பாடத்தின் மையம் அந்த வரிதான் என்று நினைக்கிறேன். கிருமி எப்படி இருக்கும், நோயின் அறிகுறிகள் என்னென்ன என்பதையெல்லாம் ஒரு பிள்ளை மறந்துபோனால் பரவாயில்லை. "நாய் கடிச்சா, கீறினா, உடனே பெரியவங்ககிட்ட சொல்லணும். சொன்னா யாரும் திட்ட மாட்டாங்க" என்பது மட்டும் நெஞ்சில் நின்றுவிட்டால் அந்தப் பிள்ளை பிழைத்துக்கொள்ளும்.

உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸால் இறப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். அவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். குழந்தைகள்தான் நாயோடு அதிகம் விளையாடுகிறார்கள், அதன் வாலை இழுக்கிறார்கள், குட்டியைத் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். உயரம் குறைவு என்பதால் கடி முகத்திலோ தலையிலோ கழுத்திலோ விழுந்துவிடுகிறது. அங்கிருந்து மூளை பக்கம், நோய் சீக்கிரம் வந்துவிடும். இதற்கெல்லாம் மேலே இன்னொரு காரணம் உண்டு: குழந்தைகள் மறைக்கிறார்கள். பெரியவரை நாய் கடித்தால் அவரே கிளம்பி மருத்துவமனைக்குப் போவார். குழந்தையின் கடிக்கு வேறு யாராவது கிளம்ப வேண்டும், அதற்கு முதலில் அவர்களுக்கு விஷயம் தெரிய வேண்டும்.

கடிபட்ட பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவர் என்ற முறையில், அவர்கள் ஏன் சொல்லாமல் இருக்கிறார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே கேட்டிருக்கிறேன். போகக் கூடாது என்று சொன்ன இடத்துக்குப் போயிருப்பார்கள். அம்மா தொடாதே என்ற குட்டியைத் தொட்டிருப்பார்கள். நாயின் மேல் கல்லெறிந்திருப்பார்கள், ஆகவே தப்பு தன்னுடையது என்று நினைத்துக்கொள்வார்கள். ஊசி பயம் இருக்கும். ஆசையாக வளர்க்கிற நாயை அடித்துத் துரத்திவிடுவார்களோ என்று தவிக்கிற பிள்ளையும் உண்டு. இன்னும் சில பிள்ளைகள், சொன்னால் அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வர வேண்டியிருக்குமே என்று யோசித்து வாயை மூடிக்கொள்கிறார்கள். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை இவ்வளவையும் மனதில் சுமந்துகொண்டு வழக்கம்போல வகுப்பில் உட்கார்ந்திருக்கும். நோயைப் பற்றி நாம் எவ்வளவு அழகாகப் பாடம் நடத்தினாலும் இந்தப் பாரத்தைத் தொடாவிட்டால் பயனில்லை.

ஆகவே பாடத்தை ஒரு வாக்குறுதியோடு தொடங்குங்கள். "எப்படிக் கடிச்சது, ஏன் அங்க போனேன்னு நான் கேட்கவே மாட்டேன். சொன்னதுக்காக உன்னைப் பாராட்டுவேன்" என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லுங்கள். சொல்லிவிட்டால் அதைக் காப்பாற்றியே ஆக வேண்டும். ஒரு பிள்ளை வந்து கையைக் காட்டும்போது உங்கள் வாயிலிருந்து வரும் முதல் சொல்லை மற்ற எல்லாப் பிள்ளைகளும் கவனிப்பார்கள். "உன்னை யாரு அந்தப் பக்கம் போகச் சொன்னது?" என்று ஒருமுறை கேட்டுவிட்டால் அடுத்த பிள்ளை வராது. "சொன்னியே, ரொம்ப நல்லது. வா, கழுவலாம்" என்பது போதும். நாயைச் சீண்டாதே என்ற புத்திமதியை ஊசியெல்லாம் போட்டு முடித்த பிறகு சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

சொல்வதை ஒரு நாடகமாக நடிக்க வையுங்கள். ஒரு பிள்ளை கடிபட்டவன், இன்னொரு பிள்ளை அம்மா. எந்த நாய், எங்கே, எப்போது, உடம்பில் எந்த இடத்தில் என்ற நான்கையும் சொல்லிப் பழக வேண்டும். அப்புறம் கொஞ்சம் கடினமான காட்சிக்குப் போங்கள். அம்மாவாக நடிக்கும் பிள்ளை, "சின்னக் கீறல்தானே, போய் விளையாடு" என்று சொல்லட்டும். இப்போது என்ன செய்வது? பாட்டியிடம் சொல்லலாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லலாம், மறுநாள் டீச்சரிடம் சொல்லலாம். ஒருவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்றால் அடுத்தவரிடம் சொல்ல வேண்டும், யாராவது கேட்கும்வரை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். தம்பி, தங்கைக்காகச் சொல்வதையும் இதே நாடகத்தில் சேர்த்துவிடுங்கள். பேச்சு வராத இரண்டு வயதுக் குழந்தையை நாய் கீறியதைப் பெரும்பாலும் கூட விளையாடிய அக்காவோ அண்ணனோதான் பார்த்திருப்பார்கள். உங்கள் மாணவனுடைய நண்பன் வந்து சொன்னானே, அவனைக் கோள் சொன்னவனாக யாரும் கேலி செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவன் செய்தது ஒரு உயிரைக் காக்கும் காரியம்.

வீடியோ வேண்டாம். உங்கள் மனம் சொன்னது சரி. தண்ணீரைக் கண்டு ஒருவர் துடிப்பதைப் பார்த்த பிள்ளை அந்தக் காட்சியை மறக்காது, உண்மைதான். ஆனால் அதிலிருந்து அது எதைக் கற்றுக்கொள்ளும்? நாயைக் கண்டால் அலறி ஓடும், ஓடினால் நாய் துரத்தும். இல்லையென்றால் கல்லெடுக்கும், கல்லடி பட்ட நாய் கடிக்கும். ஏற்கனவே கடிபட்டு ஊசி போட்டுக்கொண்ட பிள்ளையும் அந்த வகுப்பில் இருக்கும். தனக்கும் இப்படி ஆகுமோ என்று ராத்திரி தூங்காது. கடிபட்டுச் சொல்லாமல் இருக்கிற பிள்ளை இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்ளும். பயம் ஒரு பிள்ளையைப் பேச வைத்து நான் பார்த்ததில்லை. நோய் வந்தால் உயிர் போய்விடும் என்ற உண்மையை மறைக்கச் சொல்லவில்லை. மூன்றாம் வகுப்புக்கு மேல் அதை ஒரே வாக்கியத்தில், நிதானமான குரலில் சொல்லலாம். அதே மூச்சில் "ஆனா இதைத் தடுக்க முடியும், நம்ம கையாலேயே முடியும்" என்ற வாக்கியமும் வந்துவிட வேண்டும்.

கிருமியைப் பற்றி எவ்வளவு சொல்லலாம்? கதையாகச் சொன்னால் முதல் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். நோயுள்ள விலங்கின் எச்சிலில் கிருமி இருக்கிறது. கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, ஏற்கனவே இருக்கும் புண்ணை நக்கினாலோ அது உள்ளே நுழைகிறது. நுழைந்ததும் நரம்பைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு நடக்கத் தொடங்குகிறது. மெதுவாகத்தான் நடக்கும். அது போய்ச் சேர்வதற்குள் ஊசி போட்டுவிட்டால், உடம்புக்குள் காவலர்கள் தயாராகி வழியை மறித்துவிடுவார்கள். காவலர்கள் தயாராக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும், அதனால்தான் உடனே போக வேண்டும் என்கிறோம். இதைக் கரும்பலகையில் ஒரு சிறுவனின் உருவத்தை வரைந்து, கையிலிருந்து தலைக்கு ஒரு கோடு இழுத்துக் காட்டுங்கள். காலில் கடித்தால் எவ்வளவு தூரம், கன்னத்தில் கடித்தால் எவ்வளவு தூரம் என்று பிள்ளைகளே அளந்து சொல்லட்டும். தலைக்கடிக்கு ஏன் அதிக அவசரம் என்பதை நீங்கள் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு ஒரு உண்மைக் கதை இருக்கிறது. 1885 ஜூலை மாதம், அப்போது ஜெர்மனியின் கீழ் இருந்த அல்சாஸ் பகுதியில் ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனை வெறிநாய் பல இடங்களில் கடித்துவிட்டது. அவனுடைய அம்மா இரண்டே நாளில் அவனைப் பாரிஸ் நகரத்தில் இருந்த விஞ்ஞானி லூயி பாஸ்டரிடம் அழைத்துப் போனார். அதுவரை மனிதர்களுக்கு முறையாகப் போட்டுப் பார்த்திராத தடுப்பு மருந்தை பாஸ்டர் அவனுக்குப் போட ஏற்பாடு செய்தார். பையன் பிழைத்து, வளர்ந்து பெரியவனாகி, பாஸ்டர் நிறுவனத்திலேயே வேலையும் பார்த்தான். அந்தக் காலத்தில் அந்த அம்மா பாரிஸ் வரை போக வேண்டியிருந்தது. இன்றைக்கு அதைவிட எவ்வளவோ நல்ல ஊசி மருத்துவமனையில் இருக்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் ஜுப்பீ என்ற ஆடு மேய்க்கும் சிறுவனும் பாஸ்டரிடம் வந்தான். கூட இருந்த சின்னப் பிள்ளைகளைக் காப்பாற்ற வெறிநாயோடு போராடிக் கடிபட்டவன் அவன், அவனும் பிழைத்தான். பாஸ்டர் நிறுவனத்தில் அவனுக்குச் சிலையே இருக்கிறது. ஆனால் சின்ன வகுப்பில் இவன் கதையைச் சொல்லாதீர்கள். நாயோடு மல்லுக்கட்டினால் வீரன் என்று எடுத்துக்கொள்ளும் வயது அது. மைஸ்டர் கதையே போதும்.

அடுத்தது கழுவுவது. இதை வாயால் சொன்னால் போதாது, குழாயடிக்குக் கூட்டிப்போய்ச் செய்ய வைக்க வேண்டும். கடிபட்ட இடத்தை ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் 15 நிமிடம் கழுவ வேண்டும். இந்தக் கிருமியைச் சுற்றிக் கொழுப்பால் ஆன மெல்லிய உறை இருக்கிறது. சோப்பு அந்த உறையைக் கரைத்துக் கிருமியைச் செயலிழக்க வைக்கிறது, தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகிறது. அதனால்தான் சோப்பு முக்கியம். 15 நிமிடம் எவ்வளவு நீளம் என்பது பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, பெரியவர்களுக்கும் தெரியாது. இரண்டு நிமிடத்திலேயே "போதும் டீச்சர்" என்பார்கள். ஒரு பிள்ளையின் முன்கையில் எண்ணெயில் குழைத்த வண்ணப்பொடியைக் கொஞ்சம் தடவி, வெறும் தண்ணீரில் முதலில் கழுவச் சொல்லுங்கள். சோப்பு போட்ட பிறகுதான் அது போகும் என்பதை வகுப்பே பார்க்கட்டும். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, தண்ணீரை வீணாக்காமல், கழுவுவது போலப் பாவனை செய்தபடி 15 நிமிடம் பாட்டுப் பாடட்டும், வாய்ப்பாடு சொல்லட்டும். எத்தனை வாய்ப்பாடு முடிந்தது என்று குறித்துக்கொண்டால் அதுவே அவர்களுடைய கடிகாரம். குழாய் இல்லாத வீடுகளில் ஒருவர் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்ற, இன்னொருவர் கழுவலாம் என்பதையும் காட்டுங்கள். பள்ளிக் குழாயடியில் எப்போதும் ஒரு சோப்பு இருப்பதை யாராவது ஒருவர் பொறுப்பாகக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

காயத்தில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, பச்சிலைச் சாறு என்று எதையும் வைக்கக் கூடாது. அவை புண்ணை அரித்துக் கிருமியை இன்னும் உள்ளே தள்ளத்தான் உதவும். இறுகக் கட்டுப்போடவும் வேண்டாம். கழுவியாயிற்றே என்று வீட்டில் உட்கார்ந்துவிடவும் கூடாது, கழுவிய கையோடு மருத்துவமனை.

நாயைப் பற்றிய பாடத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கிராமத்துப் பிள்ளைகளுக்கு நாயைப் பற்றி நம்மைவிட நிறையத் தெரியும். அவர்களையே கேளுங்கள்: நாய் எப்போதெல்லாம் கோபப்படும்? தின்னும்போது, தூங்கும்போது, குட்டிகளோடு இருக்கும்போது, கட்டிப்போட்டிருக்கும்போது, நாய்கள் தங்களுக்குள் சண்டை போடும்போது என்று அவர்களே சொல்வார்கள். "அப்போ அந்த நேரத்துல நாம என்ன செய்யணும்?" என்று மட்டும் நீங்கள் கேட்டால் போதும். வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை ஒவ்வொரு பிள்ளையும் நினைவிலிருந்தே படமாக வரையட்டும். எங்கே நாய் குட்டி போட்டிருக்கிறது, எங்கே கூட்டமாகப் படுத்திருக்கும், சுற்றிப் போக வேறு வழி உண்டா என்று குறிக்கட்டும். பார்த்து எண்ணி வரச் சொல்லி அனுப்பிவிடாதீர்கள், அதுவே ஆபத்தாகிவிடும்.

நாய் உறுமிக்கொண்டு வந்தால் ஓடாமல் மரம்போல் நிற்க வேண்டும்: கைகள் உடம்போடு ஒட்டியிருக்க, பார்வை தரையில், வாயில் சத்தமில்லாமல். நாய் மோந்து பார்த்துவிட்டுப் போன பிறகு மெல்லப் பின்னால் நகரலாம். கீழே விழுந்துவிட்டால் கல்போல் சுருண்டு, முகத்தை உள்ளே புதைத்து, கைகளால் கழுத்தையும் காதையும் மூடிக்கொள்ள வேண்டும். நீங்கள் "மரம்" என்று கத்தினால் நிற்பது, "கல்" என்று கத்தினால் சுருள்வது என்று விளையாட்டு நேரத்தில் அடிக்கடி செய்யுங்கள். நிஜமாக நாய் வரும்போது யோசிக்க நேரம் இருக்காது, உடம்பு தானாகச் செய்ய வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ரேபிஸ் படங்களில் வரைகிற நாய்க்குக் கண் சிவந்திருக்கும், வாயில் நுரை தள்ளும், பார்ப்பவர்களையெல்லாம் துரத்தும். அப்படிப்பட்ட நாயைக் கண்டால் எந்தப் பிள்ளையும் தானாகவே ஒதுங்கிவிடும். என் கவலையெல்லாம் சத்தமில்லாத நாயைப் பற்றித்தான். நோயின் இன்னொரு வடிவத்தில் நாய் சோர்ந்து மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் வடியும், விழுங்க முடியாமல் திணறும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது போலத் தோன்றும். இரக்கமுள்ள பிள்ளை அதன் வாய்க்குள் கையை விட்டுப் பார்க்கும், தண்ணீர் புகட்டும். ஆடு மாடுகளுக்கும் இந்த நோய் வரும், அவற்றின் வாய்க்குள் கையை விட்ட பெரியவர்களும் இருக்கிறார்கள். "சோர்ந்து கிடக்கிற விலங்கைப் பார்த்தா பாவமா இருக்கும். தொடாம ஓடி வந்து பெரியவங்ககிட்ட சொல்றதுதான் அதுக்கு நீ செய்யற உதவி" என்று சொல்லுங்கள். செத்துக் கிடக்கும் குட்டியையும் தொட்டு எடுக்கக் கூடாது. அறிகுறி எதுவும் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே நாயின் எச்சிலில் கிருமி வந்துவிடுகிறது. ஆகவே "நம்ம நாய்தான், நல்லாத்தான் இருக்கு" என்று பிள்ளைகள் தாங்களே முடிவு செய்யக் கூடாது. எந்த நாய் கடித்தாலும், பூனை கீறினாலும், நரியோ கீரியோ குரங்கோ வௌவாலோ பல் பதித்தாலும் சொல்ல வேண்டும். ஊசி வேண்டுமா, வேண்டாமா என்பது மருத்துவரின் வேலை.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்வி. அவளைக் கடிந்துகொள்ளாதீர்கள், பெரியவர்கள் பேசுவதைத்தான் அவள் கேட்டிருப்பாள். கொன்று பார்த்த ஊர்களில் நோய் ஒழியவில்லை என்று சொல்லுங்கள். இருந்த நாய்கள் போனதும் வேறு நாய்கள் அந்த இடத்துக்கு வருகின்றன, புதிய குட்டிகள் பிறக்கின்றன, அவற்றுக்குத் தடுப்பூசி போட்டிருக்காது. ஊரில் உள்ள 10 நாய்களில் 7 நாய்களுக்காவது ஆண்டுதோறும் ஊசி போட்டுக்கொண்டே வந்தால் நோய் ஒரு நாயிலிருந்து இன்னொரு நாய்க்குப் பரவ முடியாமல் நின்றுவிடும். மனிதர்களுக்கு வரும் ரேபிஸில் நூற்றுக்கு 99 நாயிடமிருந்துதான் வருகிறது, ஆகவே நாய்க்குப் போடும் ஊசி பிள்ளைகளையும் காக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் போஹோல் தீவில் 2007-இல் தொடங்கிய திட்டத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி போட்டதோடு, ரேபிஸ் தடுப்பைப் பள்ளிப் பாடங்களுக்குள்ளேயே சேர்த்தார்கள். பிள்ளைகள் மூலம் விஷயம் வீடுகளுக்குப் போனது. உங்கள் பிள்ளைகளும் வீட்டில், "நம்ம நாய்க்கு இந்த வருஷம் ஊசி போட்டாச்சா?" என்று கேட்கலாம். நாயைப் பிடித்துக்கொண்டு போவது மட்டும் பெரியவர்களின் வேலையாக இருக்கட்டும்.

பெற்றோர் கூட்டத்தில் பாட்டி, தாத்தாக்களையும் உட்கார வையுங்கள், பகலில் பிள்ளைகள் பெரும்பாலும் அவர்களிடம்தான் இருக்கிறார்கள். "அப்போ பச்சிலை வெச்சே பிழைச்சோமே" என்று யாராவது சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ரேபிஸ் இருக்காது. ரேபிஸ் உள்ள நாய் கடித்தாலும் ஒவ்வொரு கடியிலும் நோய் தொற்றிவிடாது. பிழைத்தவர் பச்சிலையால் பிழைத்தேன் என்கிறார், பிழைக்காதவர் வந்து சொல்ல இல்லை. இதை மரியாதையாக விளக்கினால் கேட்டுக்கொள்வார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பழைய பயமும் இன்னும் இருக்கிறது. அந்த ஊசியின் காலம் முடிந்துவிட்டது. இப்போது தோள்பட்டைக்குக் கீழே மேல்கையில் போடுகிறார்கள், மிகச் சிறிய குழந்தைக்குத் தொடையில். அந்தந்த இடத்தின் முறைப்படி மூன்றிலிருந்து ஐந்து முறை போய் வர வேண்டும். காயத்தைச் சுற்றிப் போடும் மருந்து வலிக்கும்தான். "வலிக்கும், கொஞ்ச நேரம்தான், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்" என்று பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. வலிக்காது என்று சொல்லி ஏமாற்றினால் அடுத்த ஊசிக்கு அவன் வரமாட்டான். முதல் ஊசியோடு நிறுத்திவிடுபவர்கள் நிறைய. ஊசி நாளில் பிள்ளை வகுப்புக்கு வராததைக் குறையாக யாரும் பேசாமல் இருந்தாலே பாதித் தடை நீங்கிவிடும். ஊசித் தேதியை உங்கள் நோட்டிலும் எழுதிவைத்துக்கொண்டு முந்தின நாள் நினைவுபடுத்துங்கள்.

செப்டம்பர் 28, உலக ரேபிஸ் தினம், பாஸ்டர் மறைந்த நாள். அன்றைக்குப் படம் வரைதல், ஊர்வலம் எல்லாம் நடத்தலாம். ஆனால் நீண்ட விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஒரு அரை மணி நேரப் பாடம் அதைவிடப் பயன்படும். விடுமுறையில்தான் பிள்ளைகள் நாள் முழுக்க வெளியில் இருப்பார்கள், கேட்டுக்கொள்ள டீச்சரும் பக்கத்தில் இருக்க மாட்டீர்கள்.

பாடம் பலித்ததா என்று பார்க்கத் தேர்வு வைக்க வேண்டாம். சில வாரம் கழித்து, எதிர்பாராத நேரத்தில், "உன் தங்கச்சியை ஒரு குட்டி நாய் கீறிடுச்சு, அம்மா வீட்டுல இல்ல, என்ன செய்வே?" என்று ஒரு பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் நடக்கும். பாடத்துக்குப் பிறகு கடி, கீறல் என்று சொல்லிக்கொண்டு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும். ஊரில் நாய்க்கடி அதிகமாகிவிட்டது என்று தலைமை ஆசிரியர் கலவரப்படலாம். முன்பும் இத்தனை கடிகள் இருந்தன, இப்போதுதான் அவை நம் காதுக்கு வருகின்றன என்று அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே பக்கத்து மருத்துவமனைக்கு ஒருமுறை நேரில் போய், தடுப்பூசி எந்நேரமும் கிடைக்குமா, இம்யூனோகுளோபுலின் அங்கேயே இருக்கிறதா, இல்லையென்றால் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவார்கள் என்று விசாரித்து, தொலைபேசி எண்ணோடு குழாயடிச் சுவரில் பெரிதாக எழுதிவிடுங்கள். ராத்திரியில் கடித்தால் வண்டி யாரிடம் இருக்கிறது என்பதையும் பெற்றோர் கூட்டத்திலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.